யாருமில்லாதவர்களுக்கு ஒரு பிண்டம்

அண்ணன் போன் செய்தபோது சின்னவள் கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குக்கண்ணாடி பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று அவர் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தார். பிரேமின் காலைச் சூடுகாட்டி வளைத்தபடியே அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"உங்கக்கா எந்தத் தேதியில போனா?"

நல்லாயிருக்கியா, கடை எப்படிப் போகுது, ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பில் இதுதான். அதிலும் 'உங்கக்கா'. தனக்கும் அவள் கூடப்பிறந்த தங்கை என்பது நினைவில் இல்லாதவர் போல. ஆனாலும் சின்னவளுக்குக் கை நின்றுவிட்டது. அக்கா இறந்து ஏழு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் அண்ணன் அந்தப் பேச்சை எடுப்பது இதுதான் முதல் தடவை.

"எதுக்குண்ணே கேக்கறீங்க?"

"திதி குடுக்கணும். பித்ருக்களுக்குன்னே ஒரு கோயில் இருக்குல்ல, அங்க போறோம். அப்பா அம்மாவுக்கும் சேத்துச் செஞ்சுடலாம். நீயும் வந்தா நல்லது."

சின்னவள் தேதியைச் சொன்னாள். அக்கா புருஷனான மாமாவையும் அக்கா மகளையும் கூப்பிடலாமா என்று கேட்டாள். "இப்ப வேண்டாம். முதல்ல இது நல்லபடியா முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் அண்ணன். அந்த 'அப்புறம் பாக்கலாம்' என்பதைக்கூட அவள் நல்ல அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டாள். பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டபோது, "ஏம்மா, என் கண்ணச் சரிபண்ணிட்டு நீ அழுவுற?" என்று அவர் கேட்டார்.

அப்பாவுக்கு அவர்கள் மூன்று பேரும் பெரியவன், நடுவுலவள், சின்னவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. நடுவுலவள்தான் வீட்டின் வாய். பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். முப்பது வாண்டுகள் கத்துகிற கத்தலை அடக்க அவள் ஒரு 'ஏய்' போட்டால் போதும், எதிரே வருகிற லாரிக்காரனே ஒதுங்குவான் என்று அப்பா சிரிப்பார். வேனுக்குக் கம்பி வைக்கப் போன இடத்தில் வெல்டிங் பட்டறைக்காரரைப் பார்த்தாள். அவளாகவே பேசினாள், அவளாகவே கட்டிக்கொண்டாள். 'நம்ம ஆளுங்க இல்ல' என்ற ஒற்றைக் காரணம் போதுமாயிருந்தது. அண்ணன் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினார். அண்ணன் நிறுத்தியதால் வீடே நிறுத்தியது. சின்னவள் மட்டும் நிறுத்தவில்லை.

அப்பா இறந்த அன்று அக்கா கணவனோடும் கைப்பிள்ளையோடும் வந்தாள். அண்ணன் கேட்டை இழுத்துச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒரு தரம் முகத்தப் பாத்துட்டுப் போயிடறேன்" என்று அவள் கெஞ்சினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. யார் யாரோ துக்கம் கேட்க வந்தார்கள். பால்காரர் வந்தார், அப்பாவோடு என்றைக்கோ ஒரே பஸ்ஸில் போனவர் வந்தார். அவர்களுக்கெல்லாம் திறந்த கேட், பெற்ற மகளுக்குத் திறக்கவில்லை. சின்னவள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய் அக்கா பக்கத்தில் நின்றாள். அவள் பின்னாலும் தாழ்ப்பாள் விழுந்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போகும்போது இரண்டு பேரும் தெருவோரம் நின்றுதான் பார்த்தார்கள். மூடிய துணிதான் தெரிந்தது.

அண்ணனும் சின்னவளும் பிறகு பேசிக்கொண்டது ஏதோ ஒப்புக்கு. இப்போது அவர் தானாகவே அக்காவுக்குத் திதி என்கிறார். மனுஷன் மாறமாட்டானா என்ன, வயதாகிறது, சர்க்கரை வேறு இருக்கிறது, மனசு இளகியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைக் கதவில் 'நாளை மறுநாள் திறக்கப்படும்' என்று அட்டையை மாட்டிவிட்டு, அண்ணன் காரில் ஏறினாள்.

காரில் அண்ணியும் அண்ணன் மகளும் இருந்தார்கள். அண்ணன் மகள் வங்கியில் வேலை பார்க்கிறவள். அப்பா எதிரில் வாயைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியவள். வழியெல்லாம் அண்ணன் டைல்ஸ் கடை வியாபாரத்தைப் பற்றியே பேசினார். சின்னவள் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். அவ்வளவு சந்தோஷமாயிருந்தாள்.

அந்த சந்தோஷம் லாட்ஜ் அறைக்குப் போகிறவரைக்கும் இருந்தது. அண்ணன் அறை ஈரவாடை அடிக்கிறது என்று கீழே சண்டை போடப் போயிருந்தார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அண்ணி மறுநாளுக்கான வேட்டியை மடித்து வைத்தபடி பெருமூச்சு விட்டாள்.

"இதோடவாவது அவங்க எங்கள விட்டாச் சரி."

"யாரு அண்ணி?"

"உங்கக்காதான். ஒங்க அண்ணன் சொல்லலையா? இவளுக்கு வர்ற வரன் எல்லாம் தட்டிப் போவுதில்ல? ஜாதகம் பாக்கறவர் கட்டத்தப் போட்ட ஒடனே சொல்லிட்டாரு. ஒங்க வீட்டுல ஒரு பொம்பள மனசு ஆறாம செத்திருக்கா, அவதான் குறுக்க நிக்கறான்னு. இங்க வந்து எள்ளும் தண்ணியும் விட்டா ஒதுங்கிடுவாங்களாம்."

சின்னவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

அப்படியானால் இது மன்னிப்பில்லை. பாசமும் இல்லை. பேயோட்டுவது. கேட்டுக்கு வெளியே நின்று கெஞ்சியவள் இப்போது குறுக்கே நிற்கிற பேய். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், மூச்சு வாங்க வாங்க அக்கா கேட்டது என்ன? "அண்ணனுக்குச் சக்கரையாமே, ஒழுங்கா மாத்திர போடறாரான்னு அண்ணிகிட்டக் கேளு." அண்ணன் மகள் பரீட்சையில் பாஸான சேதியைச் சின்னவள் சொன்னபோது, எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாதவள் பக்கத்துக் கட்டில்காரிக்கெல்லாம், "எங்கண்ணன் பொண்ணு" என்று சொல்லிப் பெருமைப்பட்டாள். அவளா வரனைத் தட்டிவிடுகிறாள்? உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு குற்றமும் செய்யாமல் தண்டனை வாங்கினாள். செத்த பிறகு குற்றத்தையும் அவள் தலையில் கட்டியாயிற்று.

"அண்ணி, நீங்களும் இத நம்பறீங்களா?"

அண்ணி வேட்டியை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள். "நான் பொண்ணப் பெத்தவ. எவன் என்ன சொன்னாலும் செய்வேன்."

அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கத்தான் சின்னவளுக்குத் தோன்றியது. செருப்பைக்கூடப் போட்டுவிட்டாள். ஆனால் நாளைக்கு அங்கே அக்காவைப் பற்றி என்ன பேசுவார்களோ, அதைக் கேட்க அக்கா பக்கத்து ஆள் ஒருத்தராவது வேண்டாமா? செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

காலையில் கோயில் குளக்கரை நிரம்பி வழிந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்திருந்தார்கள். ஈரத் துணியும் எள்ளும் புகையுமாக இருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆட்கள் வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புரோகிதர். அவர் கேட்கக் கேட்க, இவர்கள் பெயர்களைச் சொன்னார்கள். அப்பா பெயர், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர். ஒரு வாட்டசாட்டமான ஆள், அம்மாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் குழந்தை மாதிரி அழுதார். கல்லூரி மாணவி போல இருந்த ஒருத்தி, தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டு, 'போதுமா, இன்னொரு தரம் சொல்லட்டுமா?' என்று கேட்டாள். வந்திருந்த கோபத்திலும் சின்னவளுக்கு அது பிடித்திருந்தது. இறந்தவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்வதற்கு உலகத்தில் ஓர் இடமாவது இருக்கிறதே.

அண்ணன் முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தார். சின்னவளும் அண்ணியும் மகளும் பின்னால் நின்றார்கள். இவர்களுக்கு வாய்த்த புரோகிதர் ஒல்லியான மனிதர். தொண்டை கட்டிப்போயிருந்தது. அடுத்தடுத்து ஆட்கள் காத்திருந்ததால் பேச்சில் ஒரு விறுவிறுப்பு இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர்களுக்கு முந்தியவர்களுக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அண்ணன் பெயர்களைக் கணீரென்று சொன்னார். இலையில் சோற்றுருண்டைகள் வரிசையாக ஏறின.

"வேற யாருக்கு?" என்றார் புரோகிதர்.

"தங்கச்சி ஒருத்தி."

"கல்யாணம் ஆனவங்களா?"

அண்ணன் தயங்கினார். "ஏன்?"

"ஆயிருந்தா புகுந்த வீட்டு வம்சத்தச் சொல்லித்தான் கூப்பிடணும். வீட்டுக்காரர் பேர் என்ன? பிள்ளைங்க உண்டா? அவங்க ஏன் வரல?"

"அதெல்லாம் வேண்டாம். ஆகலன்னே வெச்சுக்குங்க."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். புரோகிதர் நிமிர்ந்து பார்த்தார். "வெச்சுக்கறதுன்னா? ஆச்சா, ஆகலையா?"

"சாமி, சில விஷயம் வெளிய சொல்ற மாதிரி இல்ல. வேற வழி எதாவது இருக்கா பாருங்க."

புரோகிதர் அடுத்த வரிசையை ஒரு பார்வை பார்த்தார். "கடைசியா ஒரு பிண்டம் வைப்போம். பேர் தெரியாதவங்க, செய்யறதுக்கு ஆள் இல்லாதவங்க, அநாதையாப் போனவங்க, அவங்களுக்குன்னு. அப்ப மனசுல யார வேணாலும் நெனச்சுக்கலாம்."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், அதுலயே சேத்துடுங்க. பேரெல்லாம் எதுக்கு?"

அவ்வளவுதான். சின்னவள் எப்போது முன்னால் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் அந்த உருண்டையை எடுக்கக் கையை நீட்டியபோது இவள் கை இலைக்கு மேல் இருந்தது.

"அவ அநாதையா?"

"கைய எடு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அன்னைக்கும் தெருவே பாத்துச்சு, உங்களுக்கு வெக்கமா இருந்துச்சா? சாமி, நீங்க கேளுங்க. இவரு தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சு. வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கார். கடைசிவரைக்கும் தூக்கி உக்கார வெச்சு, தல சீவி விட்டவரு அவருதான். பொண்ணு இருக்கா, வேலைக்குப் போறா. வருஷா வருஷம் அவங்க அம்மாவுக்குச் செய்ய வேண்டியதச் செய்யறா. ஆள் இல்லாதவ இல்ல எங்கக்கா! அப்பன் பொணத்தப் பாக்க வந்தவளக் கேட்டுக்கு வெளிய நிறுத்தினது இவரு. இப்ப அவ பேயா வந்து இவரு பொண்ணு கல்யாணத்தத் தடுக்கறாளாம். அதுக்குத்தான் இந்தச் சோறு. பாசத்துல வெக்கல. பயத்துல வெக்கறாரு."

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. "வாய மூடுடி. உன்னக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்."

"தேதி வேணும்னுதானே எனக்குப் போன் பண்ணீங்க? கூடப்பொறந்தவ செத்த தேதியே தெரியாதவருக்கு அவ பேச்சை எடுக்க என்ன யோக்கியதை இருக்கு? ஒரு வாய் தண்ணி குடுக்கல உயிரோட இருக்கறப்ப. இப்ப எள்ளு கலந்து குடுக்கறீங்களா?"

புரோகிதர் தர்ப்பையைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க சார். பேர் தெரிஞ்சவங்களத் தெரியாதவங்க பிண்டத்துல சேக்க மாட்டேன். அது நான் செய்யற வேலைக்கே துரோகம். சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லுங்க. இல்லன்னா இதோட முடிச்சுக்குங்க, ஆளுங்க காத்திருக்காங்க."

"சொல்லுங்கண்ணே" என்றாள் சின்னவள். "அவ பேரு, அவ வீட்டுக்காரர் பேரு, அவங்க வம்சம். ஒரே ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்க. நானே கைய எடுத்துடறேன்."

அண்ணன் சொல்லவில்லை. தங்கையின் பெயர்கூட நாக்கு நுனிவரை வந்த மாதிரி இருந்தது, மாப்பிள்ளையின் பெயரில் வந்து உதடு பூட்டிக்கொண்டது. ஈர வேட்டியோடு விறைத்து உட்கார்ந்திருந்தார். செத்தவள்மேல் அவருக்கு இருந்த பயத்தைவிட, உயிரோடிருக்கிற வெல்டர்மேல் இருந்த வெறுப்பு பெரிதாயிருந்தது.

"அப்பா." பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "நீங்க சொல்லவே வேண்டாம். எனக்கு வரன் தட்டிப் போறது பெரியத்தையால இல்ல."

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. போன தடவ வந்தாங்களே, அந்தப் பையனோட அம்மா எங்க பேங்குக்கு வந்து என்கிட்டயே சொன்னாங்க. ‘உங்கப்பா ஒரே தங்கச்சின்னு சொன்னாரு. வெளிய விசாரிச்சா இன்னொருத்தி இருந்து செத்துப்போனான்னு சொல்றாங்க. சொந்தத் தங்கச்சியவே மறைக்கறவரு நாளைக்கு எங்ககிட்ட எத மறைப்பாரோ, எங்களுக்குப் பயமா இருக்கும்மா'ன்னாங்க. நல்ல மனுஷி. மெனக்கெட்டு வந்து சொன்னாங்க. அதுக்கு முன்னாடி வந்தவங்களும் இதத்தான் தரகர்கிட்டச் சொல்லியிருக்காங்க. அம்மாவுக்கும் தெரியும்."

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தாள். தெரிந்திருந்தும், புருஷனிடம் அதைச் சொல்வதைவிடச் செத்தவள்மேல் பழியைப் போடுவது அவளுக்குச் சுலபமாயிருந்திருக்கிறது. சின்னவளுக்கு அவளைப் பார்த்துப் பரிதாபப்படத் தோன்றவில்லை.

"எல்லாம் சேந்து என்ன நடுத்தெருவுல நிக்க வெச்சுட்டீங்க" என்றார் அண்ணன்.

"தெருவுல நின்னது அவ" என்றாள் சின்னவள். "நீங்க உக்காந்துதான இருக்கீங்க."

சொல்லிவிட்டு, புரோகிதரைப் பார்த்து அக்காவின் பெயரைச் சொன்னாள். மாமாவின் பெயரையும், மாமாவின் அப்பா பெயரையும் சொன்னாள். அந்தக் கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். எதுவும் செய்யச் சொல்லவில்லை, பெயரை மட்டும் சொன்னாள். புரோகிதர் தலையை அசைத்தார். சின்னவள் கையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் அவளுடைய ஒரு செருப்புதான் அகப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா மகளுக்குப் போன் செய்தாள். அவள் கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருந்தாள். யாரையோ, "ரெண்டு நிமிஷம் அப்படியே புடிச்சு நில்லுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் பேசினாள். சின்னவள் கொட்டித் தீர்த்தாள்.

"எங்கம்மா எனக்கு ஒரு பேய்க்கதகூடச் சொன்னதில்ல சித்தி. அவங்களையே பேயாக்கிட்டாங்களா?"

"நான் விடலடி. எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன்."

"நல்லாக் கேட்டீங்களா?"

"நல்லாக் கேட்டேன்."

"அது போதும். அம்மா யாரையும் சபிக்கல. சபிக்கத் தெரிஞ்சிருந்தா நாங்க இன்னும் நல்லா இருந்திருப்போம். அவங்களுக்கு நானும் அப்பாவும் இருக்கோம். இவங்க பிச்ச போட வேண்டாம்."

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். அண்ணன் மகள். எங்கிருந்தோ சின்னவளின் இன்னொரு செருப்பைக் கண்டுபிடித்து எடுத்து வந்திருந்தாள். போனுக்குக் கையை நீட்டினாள். சின்னவள் போனைக் கொடுத்தாள்.

"நான்... உங்க மாமா பொண்ணு பேசறேன்."

"எந்த மாமா?"

கேட்டதில் குத்தல் இல்லை. அந்த முறை சட்டென்று பிடிபடாமல்தான் கேட்டாள். மாமா என்று ஒருவரை நினைத்துப் பார்க்க அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. அண்ணன் மகள் போனைக் காதில் வைத்தபடி அழ ஆரம்பித்தாள். "சரி சரி, அழாதீங்க, அப்புறம் பேசலாம், இங்க ஒருத்தர் நின்னுட்டே இருக்காரு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அண்ணன் நெற்றியில் திருநீறோடு வந்தார். யாரையும் பார்க்காமல், "வண்டி கெளம்புது" என்றார்.

"நான் அத்தைகூட பஸ்ல வர்றேன்" என்றாள் மகள். "பெரியத்தை வீட்டுக்குப் போயிட்டு வருவேன்."

"போனா அப்படியே போயிடு."

"இதையேதான பெரியத்தைகிட்டயும் சொன்னீங்க?"

அண்ணன் காரில் ஏறிக் கதவை அறைந்தார். அண்ணி மட்டும் மகளின் பையைக் கொண்டுவந்து வைத்தாள். போகிற போக்கில், சின்னவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அந்தப் பொண்ணு யார் ஜாடை?"

"அவங்கம்மாவை உரிச்சு வெச்ச மாதிரி. கேட்டுக்கு வெளிய நின்னாளே, நீங்க பாத்திருப்பீங்க."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று சின்னவளிடம் சொந்தத்தில் ஒன்றிரண்டு பேர் பிறகு சொன்னார்கள். கோயிலில் போயா? அதுவும் அப்பா அம்மாவுக்குச் செய்கிற இடத்தில்? அவள் அதற்கு மசியவில்லை. பெருந்தன்மை காட்டுவதற்கு அது தன் கோபம் மட்டும் இல்லை, அக்காவின் கோபமும் சேர்ந்தது, அக்கா கடைசிவரை காட்டாமலே வைத்துவிட்டுப் போனது என்பாள்.

அண்ணன் இன்றுவரை அவளோடு பேசவில்லை. மகளை வீட்டை விட்டுத் துரத்தவும் இல்லை. மகள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வீட்டுக்குப் போய் வருகிறாள். அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், தட்டை வைக்கும்போதே அவளாகவே சொல்லிவிட்டாள்: "எனக்கு ரெண்டு அத்தை. ஒருத்தர் கண்ணாடிக் கடை வெச்சிருக்காங்க. இன்னொருத்தர் ஸ்கூல் வேன் ஓட்டினாங்க, இப்ப இல்ல. அவங்க பொண்ணும் நானும் சிநேகிதம்." அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த இடமும் அமையவில்லை. மாப்பிள்ளை எதற்கெடுத்தாலும் அவன் அம்மா முகத்தையே பார்க்கிறான் என்று அவளே வேண்டாமென்றுவிட்டாள். இந்தத் தடவை மட்டும் அந்த வீட்டில் யாரும் செத்தவளைக் காரணம் சொல்லவில்லை.